உறுதியில் யாருடைய பெயர்?



ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 வரும்போது மௌத்தானவர்களுக்காக நாம் துஆச் செய்கிறோம். கடல் எந்த வீதி வரை வந்தது, யார் எந்தத் தென்னையைப் பிடித்துத் தப்பினார் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் கடல் திரும்பிப் போன பிறகு காகிதத்தில் நடந்த ஒரு விடயத்தை நாம் பேசுவது குறைவு. உம்மாமார், ராத்தாமார் பெயரில் இருந்த எத்தனையோ வீடுகள் வாப்பாமார், மச்சான்மார் பெயருக்கு மாறிய கதை அது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் நாம் தாய்வழிக் குடிமுறையோடு வாழ்ந்து வந்தவர்கள். பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். பள்ளிவாசல் மரைக்காயர்மாரைக் குடி பார்த்துத் தெரிவுசெய்த வழக்கம் எமது ஊர்களில் இருந்தது. இதே தாய்வழிக் குடிமுறை எமது தமிழ் அயலவர்களிடமும் உண்டு. கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயருக்கு உறுதி எழுதப்படும். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, வாப்பாவும் உம்மாவும் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்து வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தனது நூலில் இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

வாரிசுரிமையில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பதை நாம் அறிவோம். அதற்கு முரணில்லாமல், வாப்பா உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு வீட்டை அன்பளிப்பாக எழுதிவிடுவதே எமது முன்னோரின் வழியாக இருந்தது. அதனால்தான் தலாக் நடந்தாலும் பெண்ணும் பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்தார்கள். வெளியேறியது மாப்பிள்ளை. புருஷன் மௌத்தானாலும் இத்தா இருக்க அவளுக்குச் சொந்தக் கூரை இருந்தது. பக்கத்து வளவில் உம்மாவும் சகோதரிகளும் இருந்தார்கள்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. இந்த வழக்கத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தே வளர்ந்தோம். மூன்று குமருள்ள ஏழை வாப்பாவின் முதுகு அதில் முறிந்தது. தங்கச்சிக்கு வீடு கட்டும் வரை கல்யாணம் முடிக்காமல் கட்டாரிலும் சவூதியிலும் தலை நரைத்த காக்காமார் உண்டு. வீடு கட்டுவதற்காகவே பிள்ளைகளை மூத்தம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிக்குப் போன உம்மாமாரும் உண்டு. வீடு கட்ட முடியாததால் வீட்டோடு இருந்துவிட்ட குமர்களும் உண்டு. கேட்டு வாங்கும் சீதனம் அநியாயம் என்பதில் எமக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இப்போது 2004க்கு வருவோம். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அதில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக நெருங்கிக் கிடந்த ஊர்களில் கரையோர வீடுகள் தரைமட்டமாயின. அந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். வீட்டோடு சேர்த்து உறுதிகளையும் கடல் கொண்டுபோனது.

2005இல் அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதித்தது. மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எமது ஊர்களில் 200 மீற்றர் என்றால் எத்தனை வீதிகள் என்று உங்களுக்கே தெரியும். இந்தத் தூரம் பிறகு குறைக்கப்பட்டாலும், பல குடும்பங்கள் வேறு இடங்களில் புதிய வீட்டுத்திட்டங்களுக்குப் போக வேண்டியதாயிற்று. தடைக்கு வெளியே இருந்தவர்களுக்கு முழுச் சேதத்துக்கு 250,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபா என்று உதவி கிடைத்தது.

அப்போது படிவத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி “வீட்டுத் தலைவர் யார்?” என்பது. வீட்டின் சொந்தக்காரர் யார் என்று கேட்கவில்லை. எமது ஆண்கள் தம் பெயரைச் சொன்னார்கள், பெண்களும் புருஷன் பெயரையே சொன்னார்கள். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. மையித்து அடக்கிவிட்டு முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கு அது வெறும் ஒரு பெயராகவே தெரிந்தது. ஆனால் அந்தப் பெயரிலேயே நிவாரணம் வந்தது, வங்கிக் கணக்கு திறக்கப்பட்டது, பல இடங்களில் புதிய வீட்டின் பத்திரமும் வந்தது. கடலில் போனது உம்மாவின் வீடு, பதிலாக வந்தது வாப்பாவின் வீடு.

கிழக்கில் பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே எடுத்துப் பேசின. குறைந்தபட்சம் இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டன. அரச காணியில் அப்படிக் கூட்டாக எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்தச் சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உலர் வலயத்தில் காடு வெட்டி, குடியேற்றவாசிகளுக்கு வயல் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. வயல் துண்டாகிவிடக் கூடாது என்பது அதன் கவலை. ஆகவே ஒரு காணிக்கு ஒரு பெயர், அவருக்குப் பின் ஒரு பின்னுரித்தாளி. பின்னுரித்தாளி பெயரிடப்படாவிட்டால் மகன்மார் முதலில், மகள்மார் அதற்குப் பிறகு. மனைவி இருக்கலாம், ஆனால் மறுமணம் முடித்தால் அந்த உரிமை போய்விடும். மகளுக்கு முதலில் வீடு என்று வாழ்ந்த எமது கரையோரத்துக்கு, மகனுக்கு முதலில் காணி என்ற குடியேற்றத்திட்டச் சட்டம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மகளுக்கு முன் மகன் என்ற வரிசை நீக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 2005இலும் 2010இலும் எழுதப்பட்ட பெயர்களைத் திருத்தம் தானாக மாற்றிவிடாது.

“புருஷன் பெண்சாதிக்குள் என்ன கணக்கு?” என்று சிலர் கேட்பார்கள். நல்லபடியாக வாழும் வரை கணக்கு இல்லைதான். பாடசாலையில் நாம் பார்ப்பதைச் சொல்கிறோம். தரம் 1 அனுமதிக்கு வதிவிடத்தை உறுதிப்படுத்த வேண்டும். தலாக்கான ஓர் உம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அவருடைய வாப்பா சீதனமாக எழுதிய வளவு கடலோடு போயிருக்கும், மாற்று வீடு பிரிந்துபோனவர் பெயரில் இருக்கும். இப்போது இருப்பது சகோதரியின் வீட்டு அறையில். காட்டுவதற்கு அவரிடம் ஒரு காகிதமும் இருக்காது. மூத்தம்மா காலத்தில் எமது ஊரில் இப்படி ஒரு பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று சீதன ஒழிப்பைப் பற்றி மிம்பர்களில் பேசப்படுகிறது. அது தேவை. ஆனால் சீதனம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு, மனைவியின் வாப்பா தந்த காணியில் கட்டிய வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் சில மாப்பிள்ளைமாரையும் நாம் காண்கிறோம். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்பது மார்க்கம். ஒழிக்க வேண்டியது கேட்டு வாங்குவதை. பெண்ணின் பெயரில் வீடு இருப்பதை அல்ல.

ஆகவே எமது வேண்டுகோள் இவ்வளவுதான். சுனாமி வீட்டுத்திட்டங்களில் இருப்பவர்கள் பத்திரத்தை எடுத்து யார் பெயர், பின்னுரித்தாளி யார் என்று பாருங்கள். பின்னுரித்தாளி பெயரிடப்படாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய்ப் பேசுங்கள். ஸகாத் நிதியிலும் வெளிநாட்டு உதவியிலும் ஏழைகளுக்கு வீடு கட்டும் பள்ளிவாசல் நிருவாகங்கள், படிவத்தில் “வீட்டுத் தலைவர்” என்ற இடத்தில் நின்றுவிடாமல், வீட்டில் இருக்கப்போகும் பெண்ணின் பெயரையும் கேளுங்கள். விதவைகள், தலாக்கானவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளையோடு தனித்திருக்கும் உம்மாமார் ஆகியோருக்கு முதலிடம் கொடுங்கள். வீடில்லாமல் குமர் காத்திருக்கும் குடும்பங்களையும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு உறுதி முதலில் யார் பெயரில் இருந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று மூத்தம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஊர் வரலாறு அதிலும் இருக்கிறது. பெயர்களைத் தவிர்த்து இங்கே எழுதினால் நாமும் சேர்த்துவைப்போம்.

அந்த நாளில் மௌத்தான அனைவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.