மாணவர் உலகில் மறைகுழுக்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும், அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர் பலர் உயர்கல்விக்காகப் புறப்படுகின்றனர். இவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறையினர். நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையின்கீழ் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் பிள்ளைகளும் இவர்களுள் உண்டு. கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு என்ன செலவு, பேருந்து எங்கே மாற வேண்டும் என்பவற்றையெல்லாம் பெற்றோர் விசாரித்து அறிகின்றனர். ஆனால், விடுதி வாசலில் தம் பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பவர் யார் என்பதை எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகின்றோம். ஏனெனில், புதிதாய் வரும் மாணவனின் தனிமையையே முதலீடாகக் கொண்டு இயங்கும் குழுக்கள் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கின்றன.

பழைய நோய்

புனித அகுஸ்தீனார் தம் பதினேழாம் வயதளவில் கார்த்தேசு நகரில் பயிலச் சென்றார். அங்கே ‘கவிழ்ப்போர்’ என்று தம்மைத் தாமே பெருமையாக அழைத்துக்கொண்ட மாணவர் கூட்டம் ஒன்று இருந்தது. கூச்சத்தோடு வரும் புதியவர்களைத் துரத்திப் பிடித்து ஏளனம் செய்வதே அவர்களது இன்பம். அவர்களது செயல்களை அகுஸ்தீனார் வெறுத்தார். ஆயினும் அவர்களோடு பழகினார். அவர்களைப் போல் தாம் இல்லையே என்று ஒருவகை வெட்கமும் கொண்டார். இதைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் அவரே பதிவு செய்துள்ளார். தீமையை விரும்பாதவனையும் அதன் பக்கத்தில் நிற்க வைப்பது இந்த வெட்கமே என்பதை இதனைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டுவது கடினம்.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரிலும் இவ்வழக்கம் இருந்தது. புதிய மாணவனைப் பிடித்து, வாதத்தில் மடக்கிக் கேலி செய்து, கடைவீதி வழியே ஊர்வலமாகப் பொதுக் குளியலகத்திற்கு இழுத்துச் செல்வர். கதவை இடித்துக் கூச்சலிட்டு அச்சுறுத்திய பின்னரே அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்பர். புனித பேசில் அங்கே பயில வந்தபோது, முன்னரே வந்திருந்த நசியான்சு புனித கிரகோரியார் மற்ற மாணவரிடம் எடுத்துச் சொல்லி, நண்பரை அச்சடங்கிலிருந்து காத்தார். பேசிலார் 379-இல் இறைவனடி சேர்ந்தபின் ஆற்றிய நினைவுரையில், தங்கள் நட்பின் தொடக்கம் இதுவே என்று கிரகோரியார் குறிப்பிடுகின்றார். அங்கே சட்டம் இல்லை, காவலர் இல்லை. முன்னே வந்த மாணவர் ஒருவர், பின்னே வந்தவருக்குத் துணை நின்றார், அவ்வளவே.

சட்டமும் பின்னர் வந்தது. கி.பி. 533-இல் பேரரசர் யுஸ்தீனியன், கான்ஸ்தாந்திநோபிளிலும் பெய்ரூட்டிலும் சட்டம் பயில்வோரை இழிவுபடுத்தும் விளையாட்டுகளைத் தடை செய்தார். பெய்ரூட்டில் இத்தடையைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆளுநருக்கும் பேராசிரியர்களுக்கும் மட்டுமன்றி, அந்நகர ஆயருக்கும் அளிக்கப்பட்டது. மாணவரது மாண்பைக் காப்பது மேய்ப்பரது கடமையும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

நல்ல நோக்கமும் இரகசியமும்

தீய நோக்கம் கொண்ட குழுக்களே தீமையில் முடியும் என எண்ணுதல் தவறு. நைஜீரிய நாட்டின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1952-இல் ஏழு மாணவர்கள் ‘கடற்கொள்ளையர்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வோலே சொயிங்கா அவர்களுள் ஒருவர். குலப் பாகுபாட்டையும் வெள்ளையர் நடையைப் பின்பற்றும் போலித்தனத்தையும் எதிர்ப்பதே அவர்கள் நோக்கம். பின்னர் அதிலிருந்து பிரிந்தும், அதைப் பார்த்தும் வேறு குழுக்கள் தோன்றின. சேரும் இரவில் அடி, வாய் திறவாமை பற்றிய ஆணை, எதிர்க்குழுவின்மீது பழி என்று அவை வளர்ந்தன. மூலச் சங்கம் 1984-இல் கல்வி வளாகங்களை விட்டே விலகியது. ஆயினும் நோய் நிற்கவில்லை. 1999 சூலை 10-இல் இலே-இஃபே நகர ஒபாஃபெமி அவொலோவோ பல்கலைக்கழக விடுதிகளுக்குள் அத்தகைய குழுவினர் புகுந்து ஐந்து மாணவர்களைக் கொன்றனர். மறைகுழுக்களை எதிர்த்துவந்த மாணவர் சங்கத்தின் செயலாளரும் அவர்களுள் ஒருவர்.

நம் மண்ணில் இத்தகைய சபதக் குழுக்கள் வேரூன்றவில்லை என்று ஆறுதல் கொள்ளலாமா? பழைய தென்னார்க்காடு மாவட்டம் கள்ளக்குறிச்சியையும் சிதம்பரத்தையும் ஒருங்கே கொண்டிருந்தது. அச்சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு 1996 நவம்பரில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். இது மறைகுழு ஒன்றின் செயலன்று. ஆனால், புதியவன் பணிந்தே ஆகவேண்டும், வெளியே சொல்லக்கூடாது என்ற அதே எழுதாச் சட்டமே இதன் பின்னணியில் இருந்தது. கடலூர் நீதிமன்றம் 1998-இல் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2001-இல் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பம் நீதிக்காகக் காத்திருந்தது.

அக்கொலையை அடுத்தே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. புகாரை விசாரிக்கத் தவறும் கல்வி நிலையத் தலைவரும் குற்றத்திற்கு உடந்தையானவராகக் கருதப்படுவார் என்பது அதன் முக்கியக் கூறு. இலங்கையிலும் இதே வரலாறுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் 1997-இல் பகடிவதையால் உயிரிழந்தார். 1998-இல் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் இமாசலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வெளிவந்தன. ஒவ்வொரு சட்டத்திற்கும் முன்னால் ஒரு கல்லறை இருக்கின்றது.

நோய் இன்று வேறு உருவங்களிலும் உலவுகின்றது. சென்னையில் பேருந்து வழித்தடத்தின் பெயரால் திரளும் ‘ரூட்டு தல’ கூட்டங்களின் பகை 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் உயிரைக் குடித்தது. நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிறு சிறிதுதான். ஆனால், ‘நீ எங்களவன், எங்களைக் காட்டிக் கொடுக்கமாட்டாய்’ என்ற உடன்படிக்கை அதில் முடிச்சிடப்பட்டுள்ளது.

ஆணையும் மனச்சான்றும்

‘வாக்குக் கொடுத்துவிட்டேன், எப்படிச் சொல்வேன்?’ என்று கலங்கும் இளைஞருக்குத் திருச்சபையின் அறநெறி தெளிவான விடை தருகின்றது. தீமைக்காக இடப்பட்ட ஆணை எவரையும் கட்டுப்படுத்தாது. விருந்தினர் முன் இட்ட ஆணையைக் காப்பாற்றவே ஏரோது திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் செய்தான். அவன் ஆணையைக் காத்தது பாவம். மீறியிருந்தால் அதுவே அறமாகியிருக்கும். ‘ஒப்புரவு அருளடையாளத்திலும் இரகசியம் உண்டல்லவா?’ எனச் சிலர் வினவலாம். அந்த இரகசியம் மனம் வருந்தி வருபவரது மாண்பைக் காக்கின்றது. தவறு செய்தவரைத் திருந்த அழைக்கின்றது. மறைகுழுவின் இரகசியமோ, அடித்தவனைக் காத்து அடிபட்டவனைக் கைவிடுகின்றது.

இனி, நாம் செய்யக்கூடியது என்ன? சட்டத்தை அறிந்து வைத்திருப்போம். 1800-180-5522 என்ற இலவச உதவி எண்ணைக் கல்லூரிக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும் எழுதி வைத்திருக்கட்டும். பெற்றோர் தொலைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் விசாரியாமல், ‘யாரோடு சாப்பிடுகிறாய்? அறையில் உடனிருப்பவர் யார்?’ என்றும் கேட்கட்டும்.

அனைத்திற்கும் மேலாக, நம் மூத்த மாணவரிடம் பேசவேண்டும். சிதம்பரத்திலும் சேலத்திலும் சென்னையிலும் பயிலும் நம் பங்குப் பிள்ளைகளுள் சிலர் அடிபட்டவர்களாக இருக்கலாம்; சிலர் அடித்தவர்களாகவும் இருக்கலாம். தான் பட்டதை அடுத்தவனும் படட்டும் என்னும் கணக்கைத் தன்னோடு முடித்துக்கொள்ள அவர்களுக்குத் துணிவூட்டுவது நம் கடமை. புனித பேசில், புனித கிரகோரி இருவரின் விழா சனவரி 2-ஆம் நாள் ஒன்றாகவே வருகின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகப் பிள்ளைகள் ஊர் திரும்பியிருக்கும் காலம் அது. அந்நாளில் பங்குதோறும் மூத்த மாணவரையும், அடுத்த ஆண்டு கல்லூரி செல்லவிருப்போரையும் ஒரே பந்தியில் அமரச் செய்வோம். மலையிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு, விடுதி வாசலில் பெயர் சொல்லி அழைக்க ஒரு மூத்தவர் இருப்பார் என்ற உறுதியை அங்கேயே பெற்றுக்கொள்வோம்.