பழைய போர்ஷேவுக்கு எந்த ஆயில்? – ஒரு டப்பாவுக்குள் நூறு வருட வரலாறு

காருக்கு எந்த என்ஜின் ஆயில் ஊற்றுவது என்று கேட்டால், "இருப்பதிலேயே புதுசா, விலை அதிகமா உள்ளதை ஊத்துங்க" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கார் 1970-களில் தயாரான போர்ஷே 911 என்றால், இந்தப் பதில் என்ஜினுக்கே உலை வைத்துவிடலாம்!

புதிய ஆயில் மட்டமானது என்று இதற்கு அர்த்தமல்ல. அது வேறு ஒரு காலத்துக்காக, வேறு ஒரு என்ஜினுக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது.

விளக்கெண்ணெயில் தொடங்கிய கதை

பிடி கொடுக்காத பேச்சை 'வெண்டைக்காயை விளக்கெண்ணெயில் வதக்கின மாதிரி' என்பார்கள். அந்த வழவழப்புதான் ஆரம்பகால பந்தயக் கார்களுக்கும் கைகொடுத்தது. சூடான உலோகத்தின் மேல் விளக்கெண்ணெய் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அன்றைய பெட்ரோலிய எண்ணெய்களுக்கு அந்த அளவு பிடிப்பு இல்லை.

சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் இங்கிலாந்தில் ஓர் எண்ணெய் நிறுவனத்தைத் தொடங்கினார். கார்களுக்கும் விமானங்களுக்கும் என அந்த நிறுவனம் செய்த எண்ணெயில் விளக்கெண்ணெய் சேர்க்கப்பட்டது. விளக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் 'காஸ்டர் ஆயில்' என்று பெயர். அதிலிருந்து 1909-ல் பிறந்த பெயர்தான் 'காஸ்ட்ரால்'. இன்று மெக்கானிக் கடை போர்டுகளில் பார்க்கும் பெயருக்குள் நம்ம ஊர் ஆமணக்கு ஒளிந்திருக்கிறது!

விளக்கெண்ணெயிலும் ஒரு குறை உண்டு. சூட்டில் சீக்கிரம் கெட்டு, பிசின் மாதிரி படிந்துவிடும். பந்தயம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்துத் துடைக்க ஆள் இருந்தால் சரி. தினமும் ஓட்டும் காருக்கு அது ஒத்துவராது. அதனால் பெட்ரோலிய எண்ணெயிலேயே ரசாயனங்களைக் கலந்து பலப்படுத்தும் முயற்சிகள் நடந்தன.

டப்பா மேல் உள்ள எண்கள்

அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கம் 1911-ல் ஆயில்களைப் பாகுத்தன்மைப்படி வகைப்படுத்தத் தொடங்கியது. பின்னாளில் பலமுறை திருத்தப்பட்ட அந்த முறைதான் இன்றைக்கும் டப்பா மேல் இருக்கிறது.

20டபிள்யூ-50 என்று எழுதியிருந்தால், 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் பாகுத்தன்மையைச் சொல்கிறது. அந்தச் சூட்டில் 30 என்ற தரத்துக்கு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 50 என்ற தரத்துக்கு 16.3 முதல் 21.9 வரை.

இந்த எண்கள் ஆயில் எவ்வளவு கெட்டியானது என்பதை மட்டும்தான் சொல்லும். அதற்குள் என்ன ரசாயனம் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

ஆயிலை நம்பி வாழும் கார்

போர்ஷே 911 முதலில் 1963-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் '901' என்ற பெயரில் அறிமுகமானது. நடுவில் பூஜ்யம் உள்ள மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்குச் சொந்தம் என்று பெஜோ நிறுவனம் சொன்னதால் '911' ஆனது. 2 லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரைத்திறன். பத்து வருடத்துக்குள், 1973 மாடலான கரேரா ஆர்எஸ் 2.7-ல் அது 210 குதிரைத்திறனாக வளர்ந்தது.

இந்த என்ஜினில் ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காற்றால் குளிரும் என்ஜின் என்று பெயர் எடுத்தாலும், சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதில் பெரும் பங்கு ஆயிலுக்குத்தான். அதனால் ஆயிலுக்குத் தனித் தொட்டியே உண்டு. சாதாரணக் காரில் நாலு லிட்டர் ஆயில் போதும் என்றால், ஆரம்பகால 911-ல் 9 லிட்டர் அளவுக்கு ஊற்ற வேண்டும். அளவு பார்ப்பதும் வேறு மாதிரி. என்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில் ஓடிக்கொண்டு இருக்கும்போதே பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த வண்டியில் பார்த்து, குறைகிறதே என்று ஊற்றினால் ஆயில் அளவுக்கு மீறிப் போய்விடும்.

காற்றால் குளிரும் என்ஜினின் வெப்பநிலை நிறைய ஏறி இறங்கும். உலோகம் விரியவும் சுருங்கவும் இடைவெளி விட்டுத்தான் பாகங்களைப் பொருத்துவார்கள். மெல்லிய ஆயிலை ஊற்றினால் அந்த இடைவெளிகளில் அழுத்தம் நிற்காது. அதனால்தான் இவற்றுக்கு 20டபிள்யூ-50 மாதிரி கெட்டியான ஆயில் வழக்கமாயிற்று.

அதைவிட முக்கியம் கேம்ஷாஃப்ட். வால்வுகளைத் திறக்க, ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோல் கேம் மேட்டின் மேல் நேரடியாக உரசிக்கொண்டே போகும். நடுவில் உருளை எதுவும் கிடையாது. இரும்பும் இரும்பும் உரசும் அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் மிக அதிகம். அங்கே ஆயிலின் படலமே நசுங்கிப் போகும் நேரங்கள் உண்டு.

மெய்க்காப்பாளன்

அந்த நேரத்தில் காப்பாற்றுவது ஒரு ரசாயனம். ஜிங்க் டைஆல்கைல்டைதயோபாஸ்பேட் என்பது முழுப்பெயர், சுருக்கமாக இசட்டிடிபி. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த கூட்டு. 1940-களில் ஆயிலில் கலக்க ஆரம்பித்தபோது, ஆயில் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான் கலந்தார்கள். தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

உரசும் இடத்தின் சூட்டிலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாஸ்பேட் படலமாகப் படிகிறது. உரசும்போது தேய்வது அந்தப் படலம்தான், இரும்பு தப்பித்துக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் மறுபடி புதுப் படலம் உருவாகும். தன்னை அழித்துக்கொண்டு எஜமானைக் காப்பாற்றும் மெய்க்காப்பாளன் மாதிரி!

காற்றைக் காக்க வந்த மாற்றம்

1975 மாடல் வருடத்திலிருந்து அமெரிக்கக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக வந்தது. சைலன்சருக்கு முன்னால் இருந்துகொண்டு, நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கருவி இது. ஆனால் எரிந்த ஆயிலிலிருந்து போகும் பாஸ்பரஸ் வினையூக்கியின் மேல் படிந்து அதை மெதுவாகச் செயலிழக்கச் செய்தது. என்ஜினைக் காத்த அதே பொருள், காற்றைக் காக்கும் கருவிக்கு எதிரியாகிவிட்டது.

அதனால் மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸின் உச்சவரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990-களின் ஆரம்பத்தில் 0.12 சதவீதம், 1996-ல் 0.10, 2004-ல் 'எஸ்எம்' தரம் வந்தபோது 0.08. புதிய கார்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவற்றில் பலவற்றின் கேம்களில் உரசலுக்குப் பதில் உருளைகள் வந்துவிட்டன. மாட்டிக்கொண்டவை பழைய கார்கள்தான். புதிய தரம் பழைய தரங்களையும் உள்ளடக்கியது என்ற பொது விதியை நம்பி ஊற்றியவர்கள் உண்டு. கேம் தேய்ந்துபோனதாக, முக்கியமாகப் புதிதாகப் பொருத்திய கேம்கள் வீணானதாக, பழைய கார் உலகத்தில் புகார்கள் கிளம்பின.

சிலர் டீசல் ஆயில் பக்கம் ஓடினார்கள், அதில் இசட்டிடிபி அதிகம் என்பதால். 2006-ல் 'சிஜே-4' தரம் வந்து, டீசல் ஆயிலுக்கும் 0.12 சதவீத வரம்பு விழுந்தது.

அப்படியானால் எந்த ஆயில்?

முதல் விஷயம், 2004-ன் வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ரகங்களுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் கெட்டியாக இருந்தாலே பாஸ்பரஸ் அதிகம் என்று அர்த்தமாகாது. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளைப் பார்க்க வேண்டும். பழைய உரசும் கேம்களுக்கு 0.10 முதல் 0.12 சதவீதம் வரை பாஸ்பரஸ் இருப்பது நல்லது என்பது பரவலான கருத்து.

இரண்டாவது, தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கி இஷ்டத்துக்கு ஊற்றக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இசட்டிடிபி மிக அதிகமானால் அதுவே உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவது, கார் எந்த வருடத்தது என்று பார்க்க வேண்டும். 1980 முதல் அமெரிக்காவில் விற்ற 911-களில் மூன்றுவழி வினையூக்கி மாற்றி இருக்கிறது. அங்கே கேமையும் காக்க வேண்டும், மாற்றியையும் காக்க வேண்டும். மற்றபடி பாஸ்பரஸ் சரியாக இருந்தாலும், ஆயில் குடித்துப் புகை விடும் என்ஜினாக இருந்தால் மாற்றி சீக்கிரம் பாழாகும். அப்போது ஆயிலை மாற்றுவதைவிட என்ஜினைச் சரிசெய்வதுதான் வைத்தியம்.

காற்றால் குளிரும் 911-களின் தயாரிப்பு 1998-ல் நின்றுபோனது. ஆனால் அந்தக் கார்கள் ஓடுவது நிற்கவில்லை. 2015-ல் போர்ஷே நிறுவனமே பழைய கார்களுக்கென்று இரண்டு ஆயில்களைக் கொண்டுவந்தது. 2.7 லிட்டர் வரையிலான பழைய என்ஜின்களுக்கு 20டபிள்யூ-50, 3.0 லிட்டர் முதல் காற்றால் குளிரும் கடைசி 911 வரை 10டபிள்யூ-60. ஒரே 911 குடும்பத்துக்குள்ளேயே வயதுக்கு ஏற்ப இரண்டு ஆயில்!

பாஸ்பரஸைக் குறைத்தவர்கள் தப்புச் செய்யவில்லை. ஊரார் சுவாசிக்கும் காற்று, சில ஆயிரம் கேம்ஷாஃப்டுகளைவிடப் பெரியது. ஆனால் அந்த மாற்றம் டப்பாவுக்குள் சத்தமில்லாமல் நடந்தது. வெளியே இருந்த எண்கள் மாறவே இல்லை. அதனால் பழைய கார் வைத்திருப்பவர் "எது புதுசு?" என்று கேட்பதைவிட, "இந்த என்ஜினைச் செய்தவர்கள் எந்த ஆயிலை நம்பிச் செய்தார்கள்?" என்று கேட்பதே சரி. அதற்கான பதில் காரோடு வந்த கையேட்டிலும் ஆயிலின் விவரத்தாளிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க பத்து நிமிடம் ஆகும். தேய்ந்த கேம்ஷாஃப்டை மாற்ற என்ஜினையே பிரிக்க வேண்டும்.