ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை?

தம்பி மகளுக்கு பி.ஏ. படிப்புக்கான நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது என்று கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் சொன்னோம். “பி.ஏ.வா? அத இங்கயே படிச்சிருக்கலாமே. ஒங்க தாத்தாவே பி.ஏ.தான்” என்றார் பேத்தியிடம். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று விரித்துச் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “டாக்டருக்கு அசிஸ்டென்டா? அப்பம் கம்பவுண்டர்னு சொல்லு” என்றார். நான் சிரித்துவிட்டேன். தம்பி மனைவி சிரிக்கவில்லை. மகள் டாக்டராவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர்.

அன்று ராத்திரி அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “பெரியப்பா, இன்டர்வியூல ஒரு கேள்வி கண்டிப்பா வரும். ஏன் டாக்டருக்குப் படிக்கலன்னு. என்ன சொல்றது? சீக்கிரம் முடியும், கடன் கொறச்சல்னு சொன்னா அவ்ளோதான், வெளிய அனுப்பிடுவாங்க. ஆனா அதுவும் உண்மைதானே?”

நான் மருத்துவத்துறை ஆள் இல்லை. பழைய சங்கதிகளைத் தோண்டிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய் அறுபது வருடக் கதை ஒன்று கையில் சிக்கியது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பவர் மருந்து கலக்கிக் கொடுப்பவர் அல்ல. நோயாளியைப் பரிசோதிப்பார், நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையில் கைகொடுப்பார். மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்வார். பட்டப்படிப்புக்குப் பிறகு இரண்டரை வருடத்துக்குள் முடிகிற முதுகலைப் படிப்பு. பள்ளிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. இருந்தும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இது தொடங்கியது வட கரோலினாவின் டர்ஹம் நகரில், டியூக் பல்கலைக்கழகத்தில். அங்கே மருத்துவத்துறைத் தலைவராக இருந்த யூஜின் ஸ்டெட்டுக்கு ஒரு கவலை. கிராமங்களில் டாக்டர் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு பேருக்கும் மூச்சுவிட நேரமில்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள நகரத்துக்கு வரக்கூட முடியாது. அவர் முதலில் நினைத்தது செவிலியர்களைத்தான். தெல்மா இங்கிள்ஸ் என்ற செவிலியர் ஆசிரியையுடன் சேர்ந்து, ஐம்பதுகளின் கடைசியில், அனுபவமுள்ள செவிலியர்களுக்கு உயர்நிலை மருத்துவப் பயிற்சி தருகிற ஒரு படிப்பை உருவாக்கினார். செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பு அதற்கு அங்கீகாரம் தரவில்லை. செவிலியருக்கு டாக்டர்கள் பாடம் எடுப்பது அவர்களுக்கு உறுத்தியது. தங்கள் தொழிலின் எல்லையைத் தாங்களே வரைய வேண்டும் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் செவிலியரை நடத்திய விதத்தை எண்ணினால் அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழியை ஸ்டெட்டுக்குக் காட்டியது கார்லண்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஏமஸ் ஜான்சன் என்றொரு பொது மருத்துவர். பிற்பாடு பொது மருத்துவர்களின் தேசிய அமைப்புக்கே தலைவரானார். ஊருக்கு ஒரே டாக்டராக இருந்தும் அவரால் கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் போய்வர முடிந்தது. காரணம், அவருடைய மருத்துவமனையில் இருந்த ஹென்றி லீ ட்ரெட்வெல். 1940 முதல் ஜான்சனிடம் வேலை பார்த்த கறுப்பினத்தவர். எல்லோருக்கும் ‘படி’. எந்தப் பள்ளியும் அவருக்கு மருத்துவம் சொல்லித் தரவில்லை. ஜான்சன் பக்கத்தில் நின்று பார்த்தார், செய்தார், திரும்பச் செய்தார். அவ்வளவுதான். டாக்டர் ஊரில் இல்லாத நாளிலும் அந்த இடம் ஓடியது.

இதைப் படித்தபோது அம்மா சொன்ன கம்பவுண்டர் அப்படியொன்றும் தப்பில்லை என்று தோன்றியது. எங்கள் தெரு டாக்டரிடம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். ரோஸ் கலர் தண்ணி மருந்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, காகிதத்தை அளவுக்குக் கத்தரித்துப் பக்கத்தில் ஒட்டித் தருவார். டாக்டர் வெளியூர் போனால் ஊரே அவரிடம்தான் போகும். ‘சின்ன டாக்டர்’ என்றுதான் அவருக்குப் பேர். ஆனால் எந்தக் காகிதத்திலும் அவர் டாக்டர் கிடையாது. டாக்டர் இறந்ததும் அந்தக் கட்டடத்தைப் பூட்டினார்கள். கம்பவுண்டர் ஒரு மருந்துக்கடையில் சம்பளத்துக்கு நின்றார். அவர் கைக்குத் தெரிந்தது ஊருக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பெயரும் சான்றிதழும் தர யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டெட்டுக்குத் தோன்றியது. ட்ரெட்வெல்லைப் போன்ற ஆட்கள் ஏற்கெனவே எங்கே இருக்கிறார்கள் என்று தேடினார். கடற்படையிலிருந்து திரும்பிய மருத்துவப் படைவீரர்கள் கண்ணில் பட்டார்கள். கப்பலிலும் போர்க்களத்திலும் காயம் தைத்தவர்கள், ரத்தப்போக்கை நிறுத்தியவர்கள், டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டராக நின்றவர்கள். சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பினால் அந்த அனுபவத்துக்கு வெளியே மதிப்பில்லை. ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளலாம், அவ்வளவுதான். 1965 அக்டோபரில் இவர்களில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு டியூக்கில் இரண்டு வருடப் படிப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது டாக்டர்களை மூன்றே வருடத்தில் பயிற்றுவித்து அனுப்பிய அனுபவம் ஸ்டெட்டுக்கு இருந்தது. அதுவே இதற்கு அச்சு. அதே வருடம் மெடிகேர் சட்டம் வந்து முதியோருக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தது. டாக்டர் பற்றாக்குறை இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் தேறி வெளியே வந்தார்கள். அது ஸ்டெட்டின் பிறந்தநாளும்கூட.

முதல் நான்கு பேரை யாரும் “ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை?” என்று கேட்டிருக்க முடியுமா? கல்லூரிக்கு வழியும் வசதியும் இருந்தால் அவர்கள் ஏன் அங்கே வரப்போகிறார்கள்? இது தங்களுக்கு டாக்டராகும் வழி கிடைக்காதவர்களுக்காக, ஆனால் அந்த வேலையைப் பாதி கற்றுக்கொண்டவர்களுக்காகத் திறந்த கதவு.

அந்தக் கதவும் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. ஜாய்ஸ் நிக்கல்ஸ் டியூக் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த உரிமம் பெற்ற உதவிச் செவிலியர். கறுப்பினப் பெண், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இந்தப் படிப்பில் சேர விரும்பியபோது இது ராணுவத்தில் இருந்த ஆண்களுக்கானது என்றார்கள். அவர் விடவில்லை. படுக்கையருகே நின்ற அனுபவம்தானே வேண்டும்? அது தன்னிடம் இருக்கிறதே. சேர்ந்தார். 1970-ல் தேறிய அவர்தான் அமெரிக்காவின் முதல் பெண் பிசிஷியன் அசிஸ்டென்ட். படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்துபோனது. பிறகு டர்ஹமுக்கு வெளியே கிராமப்புறத்தில் மருத்துவமனை வசதி கொண்டுவர உழைத்தார். இன்று இந்தத் தொழிலில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் பெண்கள்.

நாட்டின் மறு ஓரத்தில் 1969-ல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘மெடெக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். நைஜீரியாவில் அமைதிப்படையில் வேலை செய்தவர். மெடிகேர் பணம் வேண்டுமானால் நிறப் பிரிவினையைக் கைவிடு என்று ஆஸ்பத்திரிகளை வழிக்குக் கொண்டுவந்த அரசு முயற்சியில் பங்கெடுத்தவர். அவருடைய முதல் வகுப்பில் பதினைந்து பேர், எல்லோரும் பழைய படைவீரர்கள். சில மாதம் பல்கலைக்கழகத்தில், மீதி ஒரு வருடம் ஏதாவது சிற்றூர் டாக்டரோடு. எந்த டாக்டருக்கு எந்த மாணவர் என்று முதலிலேயே பொருத்திப் பார்த்தார்கள். நம்மூர் பெண் பார்க்கும் படலம் மாதிரிதான். நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: உன்னை நம்பி என் ஊர் நோயாளியை விட்டுவிட்டுப் போகலாமா?

1973-ல் தேசியத் தேர்வு வந்தது. பள்ளிக்குப் போகாமல், ட்ரெட்வெல்லைப் போல டாக்டர் பக்கத்தில் நின்று கற்றவர்களும் அதை எழுத ஆரம்பத்தில் இடம் இருந்தது. எண்பதுகளில் அந்த வழியை மூடிவிட்டார்கள். தரம் வேண்டும், நோயாளிக்குப் பாதுகாப்பு வேண்டும். மறுக்க முடியாத காரணங்கள்தான். ஆனால் எந்த மனிதரைப் பார்த்து இந்தத் தொழில் பிறந்ததோ அந்த மனிதர் இனி இதற்குள் வர முடியாது. சான்றிதழ் இரண்டு வருடப் படிப்பிலிருந்து இளங்கலைக்கு, அங்கிருந்து முதுகலைக்கு ஏறியது. இப்போது முதுகலை இல்லாமல் பள்ளிக்கு அங்கீகாரமே இல்லை.

2001-லிருந்து விண்ணப்பம் ஒரே மையத்தின் வழியாகப் போகிறது. மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், ஐயாயிரம் எழுத்துக்குள் ஒரு தன்கட்டுரை. கூடவே ஒரு கட்டம்: நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட வேலை எத்தனை மணி நேரம்? சில நூறு மணி கேட்கிற பள்ளி உண்டு, ஆயிரம் கேட்பது உண்டு, இரண்டாயிரம் கேட்பதும் உண்டு. அந்தக் கட்டத்துக்குள் நிற்பது யார் தெரியுமா? அந்த 1965-ம் வருடத்துக் கடற்படைக்காரர்கள். அவர்கள் கொண்டுவந்த அனுபவம்தான் இன்று எண்ணாக மாறி விண்ணப்பத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அவர்களுக்கு அது சாவி. இன்று அது பலருக்குச் சுங்கச்சாவடி. சுளுவாக இரண்டு வருடம் கொறைந்த சம்பளத்தில் வேலை பார்க்க வீட்டில் வசதி இருக்கிற பிள்ளை மணிகளைச் சேர்த்துவிடும். அதே வேலையைப் பிழைப்புக்காகப் பத்து வருடம் செய்த பெண்ணிடம் இருபதாயிரம் மணி இருக்கும், வேதியியல் பாடமும் விண்ணப்பக் கட்டணமும் இருக்காது. இன்று இந்தத் தொழிலில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ட்ரெட்வெல்லையும் நிக்கல்ஸையும் ஸ்மித்தையும் நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

நம் பக்கத்திலும் இந்தப் படிப்பு உண்டு. 1992-ல் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கி வைத்தார். இந்தியாவில் அதுதான் முதல். இன்று தமிழ்நாட்டில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் சேரலாம். மணிக்கணக்கும் கிடையாது, தன்கட்டுரையும் கிடையாது. ஏழைப் பிள்ளைக்கு அது ஒருவகையில் நேரான வழி. படுக்கையருகே நின்ற அனுபவத்துக்கு அங்கேயும் மதிப்பெண் இல்லை என்பது இன்னொரு பக்கம்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “சரி பெரியப்பா, கதை நல்லா இருக்கு. நான் என்ன சொல்லட்டும்?”

“நீ எத்தன மணி நேரம் வேல பாத்திருக்க?”

“ஆயிரத்து தொள்ளாயிரம்.”

“அதுல நீ என்ன பண்ணே? அதச் சொல்லு.”

அவள் ஒரு முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியாக ராத்திரி ஷிப்ட் பார்க்கிறாள். போன வருடம் விண்ணப்பித்த பள்ளிகள் எல்லாம் கைவிரித்துவிட்டன. சில பள்ளிகள் பதில்கூடப் போடவில்லை. வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேச மாட்டாள். மலம் அள்ளுகிற வேலை என்று அம்மாவுக்குத் தாங்காது. அன்று ஒரு மணி நேரம் பேசினாள். யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், யாருக்கு மூச்சின் சத்தம் மாறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டு அவர் வருவதற்குள் தான் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற ராத்திரிகள். “அந்த நேரத்துல என்ன செய்யணும்னு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான் பெரியப்பா. எனக்கு அந்தக் கட்டில விட்டுத் தூரமாப் போக வேண்டாம்.”

இன்டர்வியூவில் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். கடனைப் பற்றியும் ஒளிக்கவில்லையாம். முடிவு வந்தது: காத்திருப்போர் பட்டியல். அவள் இன்னும் ராத்திரி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் கோவில்பட்டி அழைப்பில் அம்மா விடாமல் கேட்டார். “கம்பவுண்டர் படிப்பு கெடச்சிட்டா? ஊசி போடத் தெரியுமா ஒனக்கு?”

“இன்னும் இல்ல ஆச்சி. ஆனா படுக்கைல கெடக்கறவங்களுக்குப் புண்ணு வராமப் பாத்துக்கத் தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா கடைசி ஏழு மாதம் படுக்கையில்தான் கிடந்தார். பார்த்துக்கொண்டது அம்மா.

“அது பெரிய வேலல்லா” என்றார்.