ஐந்து பாகங்களும் ஒரு மணிமகுடமும்

தமிழகத்தின் வடவெல்லையில், ஆந்திர மலைத்தொடரின் அருகே அமைந்த ஊர் பள்ளிப்பட்டு. கொசத்தலை ஆறு பாயும் இவ்வூருக்குத் தென்கிழக்கே குன்றின்மீது கோயில் கொண்ட திருத்தணி உள்ளது. அதற்கும் அப்பால், காரைக்கால் அம்மையாரின் பெயரோடு இணைந்த திருவாலங்காடு உள்ளது. இன்னும் சற்றுத் தெற்கே சென்றால் தக்கோலம். கி.பி. 949-இல் சோழப் பட்டத்து இளவரசன் இராஜாதித்தன் யானைமீது அமர்ந்தபடியே உயிர் துறந்த போர்க்களம் அது.

இந்த வட்டாரம் நெடுங்காலம் கார்வேட்டி நகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. பின்னர் சித்தூர் மாவட்டத்துள் அடங்கியது. எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு, 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மொழி எல்லையால் அலைக்கழிக்கப்பட்ட இம்மண்ணுக்குத் தமிழ் இலக்கியத்தில் வேறொரு சிறப்பும் உண்டு. தமிழ் மக்கள் மிகுதியும் விரும்பிப் படித்த நெடுங்கதையான ‘பொன்னியின் செல்வ’னின் உச்சக்கட்டத்திற்குரிய சான்று இம்மண்ணிலிருந்தே கிடைத்தது.

பல பாகங்களாக விரியும் ஒரு நெடுங்கதையை எவ்வாறு திட்டமிடுவது? எதை முன்வைப்பது, எதை மறைத்து வைப்பது, எங்கே நிறுத்துவது? எழுத்தாளர்க்கு மட்டுமே உரிய வினாக்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. கதையின் வழியாகவே வரலாற்றை அறிந்துகொள்ளும் நம் போன்ற குடும்பங்களுக்கும் இவ்வினாக்கள் உரியனவே.

செப்பேடு சொன்ன கதை

1905-ஆம் ஆண்டில் திருவாலங்காட்டிலிருந்து முப்பத்தொரு செப்பேடுகள் வெளிப்பட்டன. சோழர் முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்ட அவ்வேடுகளில் முதற்பகுதி வடமொழியிலும் எஞ்சியது தமிழிலும் அமைந்துள்ளன. முதலாம் இராஜேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியே அவற்றின் பொருள். எனினும், அக்கால வழக்கப்படி தானச் செய்திக்கு முன்னால் சோழர் குல வரலாறு விரித்துரைக்கப்படுகிறது.

அவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்தன், பாண்டியனைக் கொன்று புகழ் பெற்றபின் மறைந்தான். குடிமக்கள் இளையவனான அருள்மொழியை அரசேற்குமாறு வேண்டினர். தன் சிறிய தந்தைக்கு நாட்டின்மீது விருப்பம் உள்ளவரை தான் மனத்தாலும் அதை விரும்புவதில்லை என்று அருள்மொழி மறுத்தான். உத்தம சோழன் முடிசூடினான். அருள்மொழி தன் முறைக்காகக் காத்திருந்தான். அவனே 985-இல் அரியணை ஏறி இராஜராஜன் என்று பெயர் பெற்றவன்.

காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆதித்தனைக் கொன்ற துரோகிகள் என ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்களைச் சார்ந்தோரின் உடைமைகள் கைப்பற்றப்பட்டதை அது கூறுகிறது. கொலை நிகழ்ந்தது உறுதி. கொன்றவர்களின் பெயர்களும் கிடைத்தன. ஆனால் கொலைக்குக் காரணம் யாது, அவர்களைத் தூண்டியவர் எவரேனும் உண்டா என்பன புலப்படவில்லை.

கல்கி அவர்கள் இந்த இடைவெளிகளிலேதான் தம் கதையைக் கட்டினார். முடிவு செப்பேட்டில் இருந்தது. நடுவே நிகழ்ந்த மர்மம் கல்வெட்டில் இருந்தது. அந்த மர்மத்திலிருந்து அந்த முடிவுக்குச் செல்லும் வழியை மட்டும் அவர் தாமே அமைக்க வேண்டியிருந்தது.

முதல் பாகத்தில் விதை, கடைசிப் பாகத்தில் கனி

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் இறுதியில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 மே மாதம் நிறைவுற்றது. மணியம் அவர்கள் சித்திரம் தீட்டினார். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்த அக்கதை ஐந்து பாகங்களாக அமைந்தது. புது வெள்ளம் 57 அத்தியாயங்கள், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. ஆக 293.

இந்த எண்களே கதையமைப்பின் இரகசியத்தைச் சொல்லுகின்றன. நான்கு பாகங்கள் ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்க, இறுதிப் பாகம் மட்டும் அதற்கு முந்தியதைப் போல் இருமடங்காக நீள்கிறது. முடிச்சிடுவது எளிது. இட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக, அறுந்து போகாமல் அவிழ்ப்பதற்கே இடம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இதை உணராமல் கடைசி நூலைச் சுருக்கி முடித்துவிடும் தொடர்கதைகள் வாசகரை ஏமாற்றிவிடுகின்றன.

இனி, ஒவ்வொரு பாகத்திற்கும் ஒரு தனிக் கடமை வகுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் பாகம் ஒரு தூதனைப் பின்தொடர்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியாரின் கணவர் என்ற அளவில் மட்டுமே அறியப்படும் வந்தியத்தேவனை ஆசிரியர் தூதனாக்கினார். தூதன் கையிலுள்ள ஓலை அவனைக் காஞ்சியிலிருந்து கடம்பூருக்கும் தஞ்சைக்கும் பழையாறைக்கும் இழுத்துச் செல்கிறது. அவனோடு செல்லும் வாசகர், ஒருவரும் பாடம் சொல்லாமலே சோழ நாட்டின் நிலத்தையும் அரசியலையும் அறிந்துகொள்கின்றனர். பழையாறையில் பெற்ற மற்றோர் ஓலை கதையை ஈழத்திற்குக் கடத்துகிறது.

கதைத் தலைவனான அருள்மொழியை வாசகர் நேரில் காண்பது இரண்டாம் பாகத்திலேதான். முதல் பாகம் முழுவதும் அவன் பிறர் நினைவிலும் பேச்சிலுமே உலவுகிறான். அவன் வருவதற்கு முன்பே நாட்டு மக்கள் அவன்மீது கொண்ட அன்பு நிலைநாட்டப்பட்டுவிடுகிறது. பின்னர் அவன் மகுடத்தை விட்டுக்கொடுக்கும்போது அத்தியாகத்தின் எடை நமக்குத் தெரிவதற்குக் காரணம் இதுவே. எவரும் விரும்பாத ஒருவன் துறப்பதில் என்ன பெருமை இருக்க முடியும்?

மூன்றாம் பாகத்தில் நந்தினியின் பழியுணர்ச்சி கூர்மை பெறுகிறது. நான்காம் பாகம் பகைவர் நண்பர் அனைவரையும் கடம்பூர் மாளிகைக்குக் கொண்டு வந்து சேர்த்து, கொலையின் வாயிற்படியில் நிறுத்திவிடுகிறது. ஐந்தாம் பாகம் தொடங்கியவுடன் கொலையைக் காட்டாமல் நாகப்பட்டினத்தில் கடல் பொங்குவதைக் காட்டுகிறது. வாசகரின் மூச்சைப் பிடித்து வைக்கும் இந்த உத்தியை வார இதழில் தொடர்கதை எழுதிப் பழகிய கை நன்கறிந்திருந்தது.

அமைப்பின் நுட்பம் மிகுதியும் விளங்குவது சேந்தன் அமுதன் பாத்திரத்திலேதான். தஞ்சையில் ஊமைத் தாயோடு பூத்தொண்டு செய்து வாழும் எளிய இளைஞனாக அவன் முதல் பாகத்திலேயே அறிமுகமாகிறான். வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் கொடுக்கும் துணைப் பாத்திரம் என்றே நாம் எண்ணுகிறோம். இறுதியில் அவனே உண்மையான உத்தம சோழன் என்று வெளிப்படுகிறது.

இதற்கு என்ன தேவை? செப்பேட்டின்படி அருள்மொழி மகுடத்தைச் சிறிய தந்தைக்கு விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் கதையில் அரசுக்கு ஆசைப்பட்டுச் சதிகாரரோடு சேரும் மதுராந்தகனுக்கு அதைக் கொடுத்தால், தியாகம் பேதைமை ஆகிவிடும். ஆகவே ஒரு மதுராந்தகனை இருவராக்கினார். ஆசைப்பட்டவன் ஒருவன், தகுதியுடையவன் மற்றொருவன். முடிவைத் தெளிவாக அறிந்திருந்த ஆசிரியரே முதல் பாகத்தின் பூக்குடலையில் கடைசிப் பாகத்தின் மகுடத்தை மறைத்து வைத்திருக்க முடியும்.

எங்கே நிறுத்துவது?

நெடுங்கதைத் தொடர் என்பது நமக்குப் புதிதன்று. அமீர் ஹம்ஸாவின் வீரக் கதைகள் பாரசீகத்திலும் இந்துஸ்தானத்திலும் நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தன. அக்பர் பாதுஷா அக்கதைகளுக்கு ஏறத்தாழ 1400 ஓவியங்கள் தீட்டச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் உருதுவில் வெளியிடத் தொடங்கிய அக்கதைத் தொகுதிகள் நாற்பத்தாறாகப் பெருகின. போர், விருந்து, மாயம், தந்திரம் ஆகிய நான்கு தூண்களின்மேல் எழுந்தவை அவை. கதையை முன்னே செலுத்தாமல் ஒரே இடத்தில் பல நாட்கள் நிறுத்தி வைப்பதையே கதைசொல்லியின் திறமை என்று அவ்வுலகம் கொண்டாடியது. அங்கே முடிவு என்பது ஒரு தேவையே அன்று. ஒரு மாயக்கோட்டை இடிந்தால் மற்றொன்று எழும்.

காப்பிய மரபு வேறு வகையானது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் கற்பனைக் கதையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடும் புனித நூல். அமைப்பு முறைக்காக மட்டும் அதை இங்கே நினைவுகூரலாம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். பிறப்பு, நபித்துவம், புலம்பெயர்வு என்று ஒவ்வொரு காண்டமும் வாழ்வின் ஒரு திருப்புமுனையைத் தன் எல்லையாகக் கொண்டது. நாயகத்தின் முழு வாழ்வையும் உமறு பாடி முடிக்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். காண்ட எல்லைகள் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தமையால் பின்வந்தவர்க்குத் தொடருமிடம் தெரிந்தது.

கல்கி இவ்விரு மரபுகளுக்கும் இடையே நின்றார். கதைசொல்லியின் சுவையும் திடுக்கிடலும் அவரிடம் இருந்தன. காப்பியப் புலவனின் எல்லையுணர்வும் இருந்தது. இராஜராஜனின் முடிசூட்டு விழா, படையெடுப்புகள், 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் என்று மேலும் பத்துப் பாகங்களுக்குப் பொருள் இருந்தது. ஆயினும் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கிய கதையைச் சில மாதகால நிகழ்ச்சிகளுக்குள் அடக்கி, மகுடத்தைத் துறந்த இடத்திலேயே அவர் நிறுத்திக்கொண்டார். ‘மகுடம் யாருக்கு?’ என்பதே தொடக்க வினா. அதற்கு விடை கிடைத்தபின் கதை தொடர வேண்டிய தேவையில்லை.

கதையும் வரலாறும்

இவ்விடத்தில் வாசகர் ஓர் உண்மையை மறவாதிருத்தல் நலம். திருவாலங்காட்டுச் செப்பேட்டை வெளியிட்டவன் இராஜேந்திரன். அதில் புகழப்படும் அருள்மொழி அவனுடைய தந்தை. மகனது அரசவை தந்தையின் தியாகத்தைப் பாடுகிறது. அதைப் பொய்யென்று தள்ளவும் இயலாது. முழு உண்மையென்று கொள்ளவும் எச்சரிக்கை வேண்டும். ஆதித்தன் கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பு இருந்திருக்கலாம் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். கல்கி அந்த ஐயத்தை ஏற்கவில்லை, தியாகத்தையே தேர்ந்தெடுத்தார். ஆனால் கொலை செய்த கை எதுவென்பதை ஐயத்திற்கு இடமின்றி அவர் அறுதியிட்டுச் சொல்லவுமில்லை. வரலாறு மௌனம் சாதித்த இடத்தில் தாமும் பாதி மௌனம் காத்தார். அது நேர்மை. நந்தினியும் பூங்குழலியும் ஆசிரியரின் படைப்புகளே. அவர்களை உண்மை மாந்தராகவே நம்பிப் பேசுவோர் இன்றும் பலர் உளர். அது கதையின் வெற்றி. வாசகரின் விழிப்பின்மையும் ஆகும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எத்துணை விரிந்த தொடராயினும் அதில் ஓரத்தில் நிற்போர் இருக்கவே செய்வர். இரண்டாம் பாகத்தில் ஈழக் கடற்கரையில் தோன்றும் அரபு மாலுமிகள் முரடர்களாகவே வந்து மறைகின்றனர். கதைக்கு ஓர் ஆபத்து தேவைப்பட்டது. அவர்கள் அதற்குப் பயன்பட்டனர். இதைக் குறையாகக் கூறிப் புலம்புவதால் பயனில்லை. ஆயின், குதிரையும் முத்தும் கைமாறிய நம் துறைமுகங்களின் நெடிய வரலாறு அந்த ஓரத்திலேயே நின்றுவிடவும் கூடாது. மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டில் வியந்துரைத்த காயல் துறையும், புலவரைப் புரந்த கீழக்கரைச் சீதக்காதியின் மரக்கலங்களும், போர்ச்சுகீசியரைக் கடலிலே எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களும் ஐந்து பாகங்களுக்கும் மேலாகவே இடம் கொள்ளக்கூடியவர்கள்.

தமிழின் தொடக்க கால நாவல்களுள் ஒன்றை 1885-இலேயே ‘அசன்பே சரித்திரம்’ என்று எழுதியளித்த சித்தி லெப்பையின் வழிவந்தோர் நாம். ‘பொன்னியின் செல்வ’னின் முடிவுரையில், கதை நின்ற இடத்திற்குப் பின் மாந்தர்க்கு நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறிய கல்கி, வரலாற்றில் எஞ்சியவற்றை எழுதும் பணியை வருங்கால எழுத்தாளரிடம் விட்டுச் சென்றார். அந்த அழைப்பு நமக்கும் உரியதே.

எழுத முன்வருவோர் முதலில் தேட வேண்டியது கதையை அன்று, சான்றை. ஊர்ப் பள்ளிவாசலின் கல்வெட்டிலும், பெட்டகத்தில் உறங்கும் அரபுத் தமிழ் ஏட்டிலும், பழைய வணிகக் கணக்கிலும் அது கிடைக்கக்கூடும். சான்றிலிருந்து முடிவைத் தெரிந்துகொண்டு, அம்முடிவுக்கு ஏற்ற வினாவை முதல் பக்கத்தில் எழுப்புவாராயின், பாகங்கள் எத்தனை என்பதை அக்கதையே தீர்மானித்துக்கொள்ளும். வீட்டிலுள்ள பழைய ஏடுகளைச் செல்லரிக்க விடாமல் காப்பது, எழுதத் தெரியாதவராலும் இயலும் முதற்பணி.