மௌலா அலிக் குன்றும் கதவில்லாத கூடங்களும்

ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு குடிலுக்குக் குடில் நாட்கணக்கில் கடக்கும் பயணத்தின் வரலாறு, பெரிதும் கூரைகளின் வரலாறே. சுவிஸ் ஆல்பைன் மன்றம் தான் தோன்றிய 1863ஆம் ஆண்டிலேயே டோடி மலையில் முதல் குடிலைக் கட்டியது. சமோனிக்கும் செர்மாட்டுக்கும் இடைப்பட்ட உயர்வழி பனிச்சறுக்கில் கடக்கப்பட்டதோ 1911இல்தான்.

பனியே காணாத ஹைதராபாத்தின் மௌலா அலிக் குன்றில் இவ்வரிசை தலைகீழானது. இங்கு ஏற்றம் முந்தியது, கூரை பிந்தியது. 1578இல், ரஜப் மாதம் 17ஆம் நாள், இப்ராஹீம் குதுப் ஷாவின் அரண்மனை அண்ணகர் யாகூத் கண்ட கனவில் ஹஸ்ரத் அலி இக்குன்றின் உச்சியில் பாறைமீது கைவைத்து அமர்ந்திருந்தார் என்பது மரபு. விடிந்ததும் பாறையில் கைத்தடம் காணப்பட்டதாம். ஹைதராபாத் நகரமே அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் உருவானது. இன்றும் உச்சியை அடைய ஏறத்தாழ 500 படிகள் ஏறவேண்டும். அங்கு நிகழும் விழாவையும் உர்ஸ் என்கின்றனர். வழக்கமாக ஞானியரின் நினைவு நாளைக் குறிக்கும் அச்சொல், அடக்கத்தலம் இல்லாத இக்குன்றில் ஒரு கனவின் நாளைக் குறிக்கிறது.

நிஜாம் அலி கான் காலத்தில் இது அரசவை விழாவாயிற்று. நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பயணம்; விழாவோ பல நாள். எனவே பிரபுக்கள் அடிவாரத்தில் தோட்டங்களும் பாராதரிகளும் அமைத்தனர். பாராதரி என்றால் பன்னிரு வாயில். நாற்புறமும் திறந்த, பூட்டுவதற்கு இடமற்ற கூடம். காவலர் இல்லாத பருவத்திலும் ஆல்ப்ஸ் குடில்களில் திறந்து விடப்படும் குளிர்கால அறை இதன் தொலைதூர உறவு எனலாம்.

கவிஞர் மஹ் லகா பாய் சந்தா 1792இல் தம் தாய்க்காக எழுப்பிய மதில்சூழ் வளாகமும் இவ்வடிவாரத்தில்தான் உள்ளது. பள்ளிவாசல், கிணறு, மண்டபம் எல்லாம் அதனுள் உண்டு. 1824இல் அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2011 அளவில் அமெரிக்க அரசின் நிதியுதவியால் அது சீரமைக்கப்பட்டது. அவர் புகழ் அதைக் காத்தது. பெயரற்ற கூடங்களுக்காக வாதாட எவருமில்லை. ரயில் எஞ்சின் பணிமனையும் குடியிருப்புகளும் சூழ்ந்து, குன்று நகருக்குள் வந்துவிட்டது. இரவு தங்கவேண்டிய தேவை போனதும் கூரைகளின் பொருளும் போயிற்று. எஞ்சியவற்றைத் தனித்தனிக் கல்லறைகளாகப் பட்டியலிடாமல், படிகளோடு சேர்த்து ஒரே வழியாகப் பதிவுசெய்வதே முறை.