உயிர்கள் ஈந்த எச்சரிக்கை



பூச்சிமருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டை நம்மில் பலர் படிப்பதில்லை. சட்டம் அச்சீட்டை விதிக்கக் காரணமாயிருந்த துயர வரலாறு ஒன்றுண்டு.

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை இராஜ்யத்திலும் கோதுமை மாவுப் பண்டங்களை உண்டவர்கள் திடீரென நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம் கொள்ளைநோயன்று, பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து. மாவும் மருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. கசிந்த நஞ்சு மாவில் கலந்துவிட்டது.

பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்த நாடு முழுமைக்குமான விரிவான சட்டம் அன்று இருக்கவில்லை. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன், உணவையும் நஞ்சையும் பிரித்தே ஏற்றவும் சேமிக்கவும் வேண்டுமென்றது. 1964இல் அமைந்த நிபுணர் குழு முழுமையான சட்டத்தை வேண்டியது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் விதிகளுடன் அமலுக்கு வந்தது. மருந்துக்குப் பதிவு, விற்பவருக்கு லைசென்சு, மீறுவோருக்குத் தண்டனை ஆகியவற்றோடு, நச்சுமுறிவு குறித்த சீட்டும் கட்டாயமாயிற்று.

சீட்டு, மருந்து விற்கும் வட்டாரத்தின் மொழியில் இருக்கும். பிழைப்புக்காகப் பிற மாநிலம் சென்ற தமிழருக்கு அம்மொழி தெரியாதிருக்கலாம். ஆனால் நிறத்துக்கு மொழி வேண்டுவதில்லை. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; அதற்கு அடுத்தடுத்த படிகள் மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் உண்ணத் தக்கதென்று பொருளன்று.

பாரத்தியான் இனத்து நஞ்சு வாய்வழி மட்டுமன்றித் தோல்வழியாகவும் மூச்சுவழியாகவும் உடலிற் புகும். நரம்புகளின் ஏவலை அடக்கும் நொதியை முடக்கும். எச்சில் பெருகும், வியர்க்கும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். நனைந்த ஆடையை உடனே களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, புட்டியோடு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தேறியவருக்கும் சில நாட்களுக்குள் மூச்சுத்தசை தளரக்கூடும். சில வாரங்களுக்குப் பின் கைகால் வலுவிழக்கவும் கூடும். ஆகவே, மருத்துவர் விடை தருமுன் வீடு திரும்பலாகாது.

1968ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க அதில் வகையில்லை. அதனைத் தனியே கோரவேண்டும். வேலையினால் நேர்ந்த இவ்வகை நஞ்சேற்றத்தை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோயாக ஏற்றிருந்தது. அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. வழக்காடப் பொருளில்லாத தொழிலாளரும், பெண்டிரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச உதவி பெறலாம். மாநிலம் வேறென்பது இதற்குத் தடையன்று.

கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஆண்டுக்கணக்கில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 2011இல் அம்மருந்துக்கு நாடெங்கும் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோர்க்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. நீதி கிட்டியது, ஆனால் நெடுங்காலம் கழித்தே கிட்டியது.

நீதிமன்றம் கேட்பது சான்று. புட்டி, சீட்டு, வாங்கிய ரசீது, மருத்துவக் குறிப்பு, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே பத்திரப்படுத்துக. 1958இல் மாண்டவர்களுக்கு, தாம் உண்டதில் நஞ்சுள்ளதென்று சொல்ல ஒரு சீட்டும் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.