ஒரு சாண் தூரத்துக்கு 49 ஆண்டுகள்: ஜெகதீசனின் 20.92

மலேசியாவின் ஆடவர் 200 மீட்டர் ஓட்டத்தில் 20.92 விநாடி என்ற நேரம் 1968 முதல் 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. மெக்சிகோ ஒலிம்பிக்கில் அந்த நேரத்தை ஓடியவர் டாக்டர் எம். ஜெகதீசன். 49 ஆண்டுகள் கழித்து கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதை முறியடித்தபோது அவர் எடுத்துக்கொண்ட நேரம் 20.90. வித்தியாசம் 0.02 விநாடி. அந்த வேகத்தில் ஓடுபவர் 0.02 விநாடியில் கடப்பது சுமார் 19 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண்.

ஜெகதீசன் பெயர் நம் வீடுகளில் தெரிந்த பெயர்தான். 'பறக்கும் டாக்டர்' என்றால் பெரியவர்களுக்கு உடனே புரியும். ஆனால் அவர் என்ன ஓடினார், யாரோடு ஓடினார் என்று கேட்டால் இளையவர்கள் பலர் விழிக்கிறார்கள்.

1943இல் பிறந்த ஜெகதீசன், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. அங்கே அவர் ஓடியது 400 மீட்டர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து 1962 ஜாகர்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர் அவர். விளையாட்டாளருக்குச் சம்பளமோ பரிசுப் பணமோ இல்லாத காலம் அது. பயிற்சி முடிந்தால் புத்தகம், புத்தகம் மூடினால் திடல்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டர் அரையிறுதிவரை போனார். அந்த மலேசியக் குழுவில் சிங்கப்பூரைச் சேர்ந்த சி. குணாளனும் இருந்தார். அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதி. மறு ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது. ஒரே குழுவில் போன இருவரும் அடுத்த பெரிய போட்டியில் இரு வேறு கொடிகளின் கீழ் நின்றார்கள்.

அந்தப் போட்டி 1966 பேங்காக் ஆசிய விளையாட்டு. 100 மீட்டர் இறுதியோட்டத்தில் முதலிடம் மலேசியாவின் ஜெகதீசனுக்கு, இரண்டாமிடம் சிங்கப்பூரின் குணாளனுக்கு. இடைவெளி மிகச் சிறியது. ஆசியாவின் மிக வேகமான இரு ஆடவரும் அன்று ஜொகூர் நீரிணையின் இரு கரையிலிருந்து வந்த தமிழர்கள். ஜெகதீசன் 200 மீட்டரிலும் 4x100 மீட்டர் அஞ்சலோட்டத்திலும் தங்கம் வென்று, மூன்று தங்கங்களோடு திரும்பினார். மலேசியாவின் தேசிய விளையாட்டாளர் விருது முதன்முதலில் வழங்கப்பட்டது அந்த ஆண்டுதான். ஆடவர் பிரிவில் ஜெகதீசனுக்கும், மகளிர் பிரிவில் அதே பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணிக்கும் அது கிடைத்தது.

இனி மெக்சிகோ. ஒலிம்பிக் 200 மீட்டர் ஒரே ஓட்டம் அல்ல. முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என நான்கு படிகள். அரையிறுதிக்கு வருவோர் 16 பேர். அந்தப் பதினாறு பேரில் ஜெகதீசன் ஒருவர். இறுதியில் அமெரிக்காவின் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் வென்று, பரிசு மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார். உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்தப் படத்துக்கு முந்தைய சுற்றுவரை நம்மவர் ஒருவர் களத்தில் இருந்தார்.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரத்தைவிட உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. விரைவோட்டக்காரரின் மார்பில் மோதும் எதிர்ப்பும் குறைவு. நெடுந்தூரம் ஓடுபவர்கள் மூச்சுக்குத் திணறிய அதே இடத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களில் உலக நேரங்கள் சரிந்தன. ஒலிம்பிக்கில் செயற்கைத் தடம் போடப்பட்டதும் அங்கேதான் முதல்முறை. கரித்தூள் தடத்தில் கால் வழுக்கும். மழை பெய்தால் சேறாகும். செயற்கைத் தடத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நேரம் கணக்கிட்ட முறையும் முக்கியம். கையில் கடிகாரம் பிடித்தவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்துவதற்குள் ஓட்டக்காரர் புறப்பட்டுவிடுகிறார். ஆகவே கையால் எடுத்த நேரம் உண்மையைவிடக் குறைவாகவே வரும். மின்னியல் கருவியோ துப்பாக்கி வெடித்த கணமே ஓடத் தொடங்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால், 100, 200 மீட்டரில் கைக்கடிகார நேரத்தோடு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். தமிழ்ப்பள்ளி விளையாட்டு நாளில் மகன் 100 மீட்டரை 11.5இல் ஓடினான் என்று மகிழும் அப்பாக்கள், மாநிலப் போட்டியில் 11.7 வந்ததும் பையன் மெதுவாகிவிட்டான் என்று கோபப்படுவது உண்டு. கூட்டிப் பார்த்தால் அவன் சற்று வேகமாகத்தான் ஓடியிருக்கிறான். காற்றையும் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று தள்ளினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது.

மெக்சிகோவில் மின்னியல் கருவி நூற்றில் ஒரு பங்கு விநாடிவரை எடுத்தது. அதனால்தான் 20.92 என்ற எண் நம்மிடம் இருக்கிறது, இன்றைய நேரங்களோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவும் முடிகிறது.

அப்படியானால் அந்தச் சாதனை உயரத்தின் புண்ணியம்தானா? ஒரு பங்கு அப்படித்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் பின்வந்தவர்களுக்கும் செயற்கைத் தடம் கிடைத்தது. இலேசான காலணி, முழுநேரப் பயிற்சி, உதவித்தொகை, வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் என மற்றவையும் வந்தன. 100 மீட்டரில் அதன் பலன் தெரிந்தது. சரவாக்கின் வாட்சன் நியாம்பேக் 1998இல் 10.30 ஓடினார். ஆனால் 200 மீட்டர் மட்டும் அசையவில்லை.

ரோமின் 400 மீட்டரை இங்கேதான் நினைக்க வேண்டும். 200 மீட்டரில் முதல் பாதி வளைவு, இரண்டாம் பாதி நேர்ப்பாதை. வளைவில் உடலைச் சாய்த்து வேகத்தைக் காப்பது ஒரு திறமை. கடைசி 50 மீட்டரில் யாரும் வேகத்தைக் கூட்டுவதில்லை. யார் குறைவாக இழக்கிறார் என்பதே போட்டி. 400 மீட்டரில் தொடங்கியவருக்கு அந்தக் கடைசித் தூரத்துக்கான தெம்பு கால்களில் இருந்தது. 100 மீட்டரையே குறியாக வைத்து வளர்பவர்களுக்கு அது எளிதில் வராது.

குணாளனுக்கும் மெக்சிகோ ஒரு நீண்ட சாதனையைத் தந்தது. 100 மீட்டரில் அவர் ஓடிய 10.38 சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக 33 ஆண்டுகள் இருந்தது. கால்பந்திலிருந்து ஓட்டத்துக்கு வந்தவர் அவர். ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளராக இருந்தார். ஜெகதீசன் கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக உயர்ந்தார். ஓடும் காலம் முடிந்த பிறகும் அனைத்துலகப் போட்டிகளின் மருத்துவப் பணிகளில் பல ஆண்டுகள் பங்காற்றினார்.

2001இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் யு.கே. ஷியாம் 10.37 ஓடி வெள்ளி வென்றபோது குணாளனின் சாதனை 0.01 விநாடியில் போனது. ஒரு விரல் நீளம் அதற்குப் போதுமாக இருந்தது. ஷியாமின் நேரமும் 22 ஆண்டுகள் நின்று, 2023இல் ஹாங்ஜோவில் மார்க் பிரையன் லூயிஸ் 10.27 ஓடியபோது முறிந்தது. மலேசியாவில் வாட்சனின் 10.30, 2016இல் கைருல் ஹஃபிஸ் ஓடிய 10.18இடம் விழுந்தது. 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 18 வயது அசீம் ஃபஹ்மி அதை 10.09 ஆக்கினார்.